செலவுப் பக்கம்

ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், பாம்பனுக்கு அண்மையிலுள்ள கடற்கரைப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றி வந்தோம். ஒரு மாலை, மகளிர் குழுத் தலைவி தம் கணக்கேட்டை நம்மிடம் நீட்டினார். கட்டிய மூங்கில் மிதவை ஒன்றுக்கு விதைப்பாசி ஏறத்தாழ 60 கிலோ. 45 நாளில் அறுத்தது அதைப்போல் நான்கு மடங்கு. நாம் அகமகிழ்ந்து, "மிக நன்று" என எழுதிக் கையொப்பமிட்டோம்.

அம்மகிழ்ச்சி பொய்யன்று. கப்பாபைகஸ் என்னும் அப்பாசி பிலிப்பைன்ஸ் கடலுக்குரியது. மண்டபத்தில் 1990-களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2000-க்குப் பின் பாக் விரிகுடாக் கரையில் பரவலாக வளர்க்கப்பட்டது. பற்பசையையும் பனிக்கூழையும் கெட்டிப்படுத்தும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. அதற்கு நிலம் வேண்டா, உரம் வேண்டா, நன்னீர் ஒரு குடமும் வேண்டா. கண்மாய் வறண்டால் குடிநீருக்கே அலையும் நம் மாவட்டத்தில் இது சிறிய நன்மையா?

சில நாள் சென்று, முதிய மீனவர் ஒருவர் வந்தார். "சாமி, குருசடைப் பக்கம் பாரெல்லாம் பாசி போர்த்திக் கிடக்கு. மீன் அண்டமாட்டேங்குது" என்றார். நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் 2008-இல், குருசடைத் தீவின் உயிருள்ள பவளப்பாறைகள்மீது அப்பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர் எழுதி வெளியிட்டனர். மிதவையிலிருந்து ஒடிந்த துண்டு ஒன்றே புதுச் செடியாகிவிடும். அது மூடிய இடத்தில் பவளத்துக்கு ஒளி கிட்டாது, பவளம் மடியும், அதனை அண்டி வாழும் மீன்குஞ்சுகளும் ஒதுங்கும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் குருசடையும் ஒன்று. பரவிய பரப்பு சிறிதே என வாதிட்ட அறிஞரும் உளர். ஆயினும் கையால் களைந்த பாசி மீண்டும் துளிர்த்ததும் உண்மையே.

"செலவுப் பக்கம் வெறுமையாயிருக்கும் கணக்கேட்டில் கையொப்பமிடாதே" என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்திருந்தனர். நாமோ அதைத்தான் செய்திருந்தோம். மிதவைக்கு இத்தனை கிலோ என்பது மெய். ஆனால் பாதி மெய். வரவு ஒரு வீட்டுக்குப் போயிற்று. செலவு வேறொருவர் வலையில் விழுந்தது.

இத்தகைய கணக்கு புதிதன்று. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில், பண்ணைகளின் வருவாயினும் அவை விளைத்த சேதமே மிகுதி என்னும் ஆய்வை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று.

2023-இல் நம் மாவட்டத்து வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழில் வளரட்டும், அதனுடன் கணக்கும் வளரவேண்டும். நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசி எடையில் குறைவே தரும். கிலோவை மட்டும் அளந்தால் அது தோற்கும். அயற்பாசியைப் பவளத்திலிருந்து களையும் கூலியையும் இழந்த மீனையும் சேர்த்து அளந்தால், தோற்பது எதுவென்று யார் அறிவார்?

இதனை அன்றே அத்தலைவியிடம் சொன்னோம். அவர் முகம் சிவந்தது. "பள்ளிக்கூடக் கட்டணத்தை இதுல கட்டுறோம் சாமி. பாருக்கும் நாங்களா கணக்கு எழுதணும்?" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. நெடுநேரம் கழித்து, அவரே ஏட்டில் புதிதாய் ஒரு கோடு கிழித்து, "உடைந்து போனது" எனத் தலைப்பிட்டார். நாம் எழுதிய "மிக நன்று" அதே பக்கத்தில்தான் இருந்தது. அதை நாமே அடித்தோம்.