நூலோட்டம் காட்டிய ஊர்கள்

சென்ற ஐப்பசித் திங்களில், தென் அந்தமான் தீவிலுள்ள குட்வில் எஸ்டேட் என்னும் நமது சிற்றூரில், வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தமான் மழையைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தது என்று மூச்சு விடுமுன் வடகிழக்குப் பருவக்காற்று வந்து நிற்கும். கொடியில் போட்ட துணி உலராது. பெட்டியில் வைத்த துணி பூசணம் பூக்கும். இத்தகைய ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழந்துணிகளைக் கொண்டு ஒட்டுப் போர்வை தைத்து வருபவர் நம் அன்னையார். அன்று அவர் நம்மைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இந்த ஊசியிலே நூலைக் கோத்துக் கொடப்பா" என்றார். கோத்துக் கொடுத்தோம். அவர் அவ்வாறு கேட்டது அதுவே முதல் முறை என்பது சற்று நேரம் கழித்தே நமக்கு உறைத்தது.

நாம் ஈரோட்டில் ரயில்வே சரக்குப் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். தண்டவாளமே இல்லாத தீவில் பிறந்தவர் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் விந்தையைக் குறித்து நண்பர்கள் செய்யும் பரிகாசத்திற்குக் குறைவில்லை. ஆயினும் அந்த உத்தியோகத்தினால் நேர்ந்த நன்மை ஒன்று உண்டு. கணவரை இழந்து மகனைச் சார்ந்திருக்கும் தாயாரையும் ரயில்வே பாஸில் சேர்த்துக்கொள்ளலாம். கப்பலில் மூன்று நாள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு சென்னை வந்து சேர்ந்துவிட்டால், அதற்கப்பால் பாரத தேசமெங்கும் அன்னையாரை அழைத்துச் செல்ல நமக்கு வழி திறந்துவிடும். பிறர் தாய்மாரைக் காசிக்கும் இராமேசுவரத்திற்கும் அழைத்துச் செல்வர். நம் அன்னையார் விரும்பியதோ துணியும் நூலும் பாயும் பிறக்கும் ஊர்களை.

அவர் பிறந்தது இராமநாதபுரம் சீமை. பழஞ்சேலைகளை மடித்து அடுக்கி, நாற்புறமும் தைத்து, குழந்தைக்குக் கீழே விரிக்கும் வழக்கத்தை அவர் தம் பாட்டியாரிடம் கண்டார். ஆனால் தையலைக் கலையாகக் கற்றது இத்தீவிலேதான். கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்த மக்கள் 1949 முதல் அந்தமானில் குடியமர்த்தப்பட்டதை வாசகர்கள் அறிவர். அப்படி வந்த குடும்பமொன்றில் பிறந்த மூதாட்டி ஒருவர் நமக்கு அயல்வீட்டார். நாம் அவரை மாசிமா என்று அழைப்போம். அன்னையாருக்கு அவர் தீதி. அவர் கையில் காந்தா என்னும் வங்கத் தையல் இருந்தது.

காந்தாவுக்குப் புதுத்துணி வேண்டியதில்லை. கட்டிக் கட்டி மெலிந்த பருத்திச் சேலைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரம் கட்டி, நடுவிலிருந்து நூலோட்டிக்கொண்டே போகவேண்டும். வண்ண நூலுக்கும் கடைக்குச் செல்வதில்லை. சேலையின் கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுப்பர். நெருக்கமாக ஓடும் அத்தையலால் துணி சிற்றலைபோல் நெளிந்து நிற்கும். குளிருக்குப் போர்த்துவது லேப், விரிப்பது சுஜ்னி, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைப்பது ஆர்ஷிலதா என்று பயனுக்கேற்பப் பெயர்கள் பல. நம் கந்தையும் அவர்களுடைய காந்தாவும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பர். நாம் கந்தை என்று எறிந்தோம். அவர்கள் காந்தா என்று மடித்து வைத்தார்கள்.

மாசிமாவுக்குத் தமிழ் தெரியாது. அன்னையாருக்கு வங்காளி தெரியாது. இருவருக்கும் பொதுவான உடைந்த இந்தியில், "இன்னும் நெருக்கம், இன்னும் நெருக்கம்" என்பதே பாடமாக இருந்தது. தைத்து முடித்ததைத் தீதி முதலில் கவிழ்த்துப் பார்ப்பாராம். பின்புறம் முன்புறத்தைப் போலவே இல்லையென்றால் பிரித்துவிடச் சொல்வாராம். அந்தக் கண்டிப்பு அன்னையாரிடமும் படிந்துவிட்டது.

இது நிற்க. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவை ஒட்டி நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கைவேலைப் போட்டி வைத்தன. அன்னையாரையே நடுவராக அமர்த்தினார்கள். கயிற்றில் பதினொரு போர்வைகள் தொங்கின. அவற்றில் ஒன்று கண்ணைப் பறித்தது: மஞ்சளும் செங்கல் நிறமும் கருநீலமுமாகத் துண்டுகள் ஒன்றோடொன்று சண்டையிடுவதுபோல் வைத்து, இளம்பெண் ஒருத்தி தைத்தது. அப்பெண்ணின் வீட்டாருக்கு நாம் கடன்பட்டவர்கள். நம் தந்தையார் காலமானபோது கப்பற் கட்டணத்திற்கும் காரியச் செலவிற்கும் கேளாமலே கைகொடுத்தவர்கள் அவர்களே. அன்னையார் அப்போர்வையைத் திருப்பினார். பின்புறத்தில் தையல் நீள நீளமாக, மனம்போன போக்கில் ஓடியிருந்தது. பேசாமல் அடுத்ததற்குச் சென்றுவிட்டார். முதற்பரிசு படகுத்துறைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, காக்கிச் சட்டைத் துணியும் நைந்த சேலையும் சேர்த்து ஒழுங்காகத் தைத்த போர்வைக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஆறுதற் பரிசுகூட இல்லை.

அறிவிக்குமுன் நாம் அன்னையாரைத் தனியே அழைத்து, இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தால் என்ன என்று கெஞ்சியதை ஒளிப்பதற்கில்லை. "கடனைப் பணமாத் திருப்பிக் கொடுப்போம், தையலாத் திருப்பிக் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவ்வீட்டார் நம்மோடு பேசுவதை நிறுத்திக்கொண்டனர். பேருந்தில் எதிர் இருக்கையில் அமர்ந்தாலும் சன்னல் வழியே தென்னை மரங்களை எண்ணுவார்கள். ஊரின் பெயருக்கு நல்லெண்ணம் என்று பொருள். அதனால் மனவருத்தம் வராமற் போகுமா?

அவ்வாண்டுக் கோடையில் அன்னையாரைப் பவானிக்கு அழைத்துச் சென்றோம். ஈரோட்டிலிருந்து பேருந்தில் சிறிது நேரப் பயணம். காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் நீராடிவிட்டுத் தறிக்கூடங்களுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆலைத்துணி வந்து குவிந்தபோது, ஜங்கமர் என்னும் நெசவாளர் மெல்லிய துணியில் போட்டியிட இயலாமல், முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்யத் தொடங்கியதே பவானி ஜமக்காளம் என்பர். திருமண வீட்டில் அதன்மேல் சம்மணமிட்டு உட்காராத தமிழர் யார்? குழித்தறியில் அகலமான விரிப்புக்கு இருவர் பக்கம் பக்கமாக அமர்ந்து, ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்வதை அன்னையார் நெடுநேரம் நின்று பார்த்தார். 1985இல் இயற்றிய சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருந்தும் விசைத்தறிச் சரக்கு சந்தைக்கு வருகிறது என்று நெசவாளர் முறையிட்டனர். அன்னையார் ஓரத்தை விரலால் தடவி, "இரண்டு பேர் மனசு ஒத்துப்போனால்தான் கரை நேராக வரும்போல" என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

அடுத்த பாஸில் திருநெல்வேலி சென்று, சேரன்மாதேவி வழியாகப் பத்தமடை சேர்ந்தோம். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, நூல்போல மெல்லியதாகக் கீறி, பருத்திப் பாவில் முடைகின்றனர். அதிலும் மிக நுண்ணிய பாயைத் துணிபோல மடித்துக் கையில் எடுத்துச் செல்லலாம்; அத்தகைய பாய் முடைய மாதக்கணக்கில் ஆகும். 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் ஒன்று அனுப்பப்பட்டதை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். பாயைக் கண்டதும் அன்னையார் வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்த்தார். முடைந்த இஸ்லாமிய மூதாட்டியார் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பக்கமும் படுத்துப் பாத்துட்டுத்தான் தாயி நாங்க விப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அன்னையார் ஓட்டல் சாப்பாட்டைத் துறந்து அங்கேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அவரை உலுக்கிய ஊர் தமிழகத்தில் இல்லை. கடந்த மாசியில் தார்வாடில் இறங்கி, பேருந்தேறி, வடகன்னட மாவட்டத்து ஹளியாளுக்குச் சென்றோம். அச்சுற்றுவட்டாரக் காடுகளை ஒட்டிச் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியரும் பிறரும் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கோவாவிலிருந்து தப்பிக் காடு புகுந்தவர்களும் அவர்களுள் உண்டு. இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் இவர்களிடையே உள்ளனர். வீட்டில் பெரும்பாலோர் பேசுவது கொங்கணி. 2003இல் கர்நாடகத்தில் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர்.

இவர்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்த் என்று பெயர். பழஞ்சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஓரங்களைச் சுற்றி உள்நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருகின்றனர். முன்கூட்டி வரைந்த கோலம் கிடையாது. கையில் அகப்பட்ட துண்டே அடுத்த துண்டு. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பது பூ, அதாவது புலா. புலா இல்லாத போர்வை ஆடையில்லாத உடம்பு என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு வீட்டுத் திண்ணையில் கவந்த் ஒன்று விரிந்திருந்தது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. தையல் பெரிதும் சிறிதுமாக, ஆறு வளைவதுபோல் வளைந்து போயிற்று. அன்னையார் குனிந்து முனையைப் பிடித்தார். திருப்பப் போகிறார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவர் திருப்பவில்லை. வெகுநேரம் முன்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவும் அந்தப் பொண்ணு தைச்ச மாதிரியே இருக்குதே தம்பி" என்று மெல்லச் சொன்னார்.

திரும்பும் வண்டியில் நாம் நூலகத்தில் படித்த செய்தி ஒன்றை அவரிடம் கூறினோம். அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில், அடிமைகளாயிருந்தோர் மரபில் வந்த பெண்கள் கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு போர்வை தைத்தனர். பல ஆண்டு காலம் அவை குளிருக்கு மட்டுமே பயன்பட்டன. 2002இல் அவற்றை ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய கலைக்கூடங்களில் ஓவியம்போல் தொங்கவிட்டனர். 2006இல் அஞ்சல்தலையும் வெளியிட்டனர். அந்நாட்டில் போர்வைப் போட்டிகளில் நடுவர்கள் தையலின் சீரையும், மூலைகளின் நேர்மையையும், ஓரக்கட்டின் நிறைவையும் உற்றுப் பார்த்து மதிப்பிடுவர். கைத்தேர்ந்தவர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் இடுவர். அந்த அளவுகோலில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் பலவும் தேறியிருக்க மாட்டா என்றோம். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. குண்டக்கல் தாண்டும்வரை விழித்தே இருந்தார்.

ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த அந்த ஐப்பசி மாலை, மழை சற்று விட்டதும் அவர் குடையை எடுத்துக்கொண்டு, "வாப்பா, அவங்க வீட்டுக்குப் போய்வருவோம்" என்றார். நமக்குக் கால் கூசியது. கதவு திறந்தது, வீட்டுத் தலைவி வாசலிலேயே நின்றார். "அந்தப் போர்வையை இன்னொரு தரம் பார்க்கணும் மதினி" என்றார் அன்னையார். பதில் இல்லை. பின்கட்டிலிருந்த பெண்தான் உள்ளே சென்று எடுத்து வந்தாள். பாட்டியாரின் கட்டிலில் மூன்று மழைக்காலம் கிடந்த போர்வை அது. நீளத் தையல் இரண்டிடத்தில் அறுந்து, துண்டுகள் வாய் பிளந்திருந்தன. அன்னையார் அன்று கண்ட குறை மெய்தான். ஆனால் மஞ்சளும் செங்கல் நிறமும் வெளுத்தும் வெளுக்காமலும் அந்த இருண்ட கூடத்தில் விளக்குப்போல் நின்றன.

"தையலுக்கு நான் சொன்னது சரி. நிறத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கணும்" என்றார் அன்னையார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஊசியை எடுத்தார். வீட்டுத் தலைவி அப்போதும் வாய் திறக்கவில்லை. சிறிது பொறுத்து விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நூலைக் கோக்க நாம் கையை நீட்டினோம். அதற்குள் அந்தப் பெண் ஊசியை வாங்கிக்கொண்டாள்.