எதிர்மலையில் நின்று கேட்டால்

10 அங்குல ஸ்பீக்கர் எட்டை அடுக்கிய பெட்டியில் பேஸ் கிட்டார் நன்றாகப் பேசுமா, 18 அங்குலம் ஒன்று வைத்த பெட்டியிலா? மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஒருவர் கல்யாண மண்டபத்தில் கேட்டதைச் சொல்வார். இன்னொருவர் திறந்தவெளி மேடையில் கேட்டதைச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பொருந்தாது. எனக்கு இதில் ஒரு தெளிவு கிடைத்த இடம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம், ஒரு சாமைக் கொல்லையின் ஓரம்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மன் திருவிழா. முதல் நாள் இரவு உள்ளூர்க்காரர் ஒருவருடைய செட். குழாய் ஸ்பீக்கர் கட்டவில்லை. மூடிய மரப்பெட்டிகள் மட்டும், அவையும் என் பக்கம் முதுகு காட்டி நின்றன. நான் நின்ற இடத்துக்குப் பாடகர் குரல் வரவில்லை, வயலின்கள் வரவில்லை. பேஸ் மட்டும் வந்தது. சுரம் சுரமாக, ஏறி இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, மறுபடி ஏறி வந்தது. கொஞ்ச நேரத்திலேயே பாட்டு பிடிபட்டுவிட்டது: ‘மூடுபனி’ படத்து ‘என் இனிய பொன் நிலாவே’. 1980இல் வந்த பாட்டு. சொல்லும் இல்லாமல் மெட்டும் இல்லாமல், அடியில் ஓடும் வரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை அடையாளம் காண முடிகிறதென்றால், அந்த அடிவரியையே இன்னொரு மெட்டாக எழுதிய இளையராஜாவுக்குத்தான் முதல் நன்றி. இரண்டாவது நன்றி அந்த மரப்பெட்டிகளுக்கு.

மறுநாள் ஆடல் பாடல் நிகழ்ச்சி. கீழே நாட்டிலிருந்து பெரிய செட் லாரியில் ஏறி வந்திருந்தது. துளை வைத்த 18 அங்குலப் பெட்டிகளை மேடைக்கு இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். அன்றும் இளையராஜா பாட்டுகள் போட்டார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதே கொல்லை ஓரத்தில் நின்ற எனக்கு வந்ததெல்லாம் ஒரே ஒரு ‘தும்’. எந்தப் பாட்டானாலும் அதே ‘தும்’.

பேஸ் கிட்டாரின் அடித் தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் ஓர் அலையின் நீளமே 8 மீட்டருக்கு மேல். தன்னைவிடப் பல மடங்கு நீளமான அலையைச் சாதாரணப் பெட்டி எதனாலும் ஒரு திசையில் செலுத்த முடியாது. அது நாலாபக்கமும் பரவும், பெட்டியின் முதுகுப்பக்கமும் சுற்றி வரும். அறைக்குள் வைத்தாலோ சுவர்கள் தங்கள் பங்குக்கு விளையாடும். 4 மீட்டர் நீளமுள்ள அறை 43 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒத்து முழங்கும். எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி நிற்பவருக்கு அந்தச் சுரம் ஊதிப் பெருகும், நடு அறையில் நிற்பவருக்கு வற்றிப்போகும். ஆகவே அறைக்குள் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுகிறவர் பெரும்பாலும் தான் நிற்கும் இடத்தைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தொல்லைக்காகவே நிலத்தில் குழி வெட்டி, ஸ்பீக்கரை வானம் பார்க்கப் பதித்து அளப்பதும் உண்டு.

சத்தத்தின் அளவு இன்னொரு மயக்கம். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, சன்னமான ஒலியில் காது அடிச்சுரங்களை மிகக் குறைவாகவே கேட்கிறது என்றும், சத்தம் ஏற ஏற அந்தக் குறை சுருங்குகிறது என்றும் காட்டியது. கொஞ்சம் உரக்க ஒலிக்கும் பெட்டி உடனே நல்ல பெட்டியாகத் தோன்றிவிடுவது அதனால்தான். பள்ளத்தைத் தாண்டி வரும்போது அந்த வீம்பெல்லாம் கரைந்துவிடுகிறது. பெட்டிக்குள் சுரங்கள் தனித்தனியாக இருந்தனவா, குழம்பிக் கிடந்தனவா என்பது மட்டும் மிச்சம்.

பெட்டி வாதத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த எஸ்விடி. 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர், அதன் கீழே 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்து மூடிய பெட்டி. 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டிக்கு பேஸ்காரர்கள் வைத்த பெயர் ஃப்ரிட்ஜ். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதே ஆண்டு தன் அமெரிக்கப் பயணத்துக்கு அதைக் கொண்டுபோனது. இவ்வளவு பெரிய பெட்டி அந்த 41 ஹெர்ட்ஸை முழு வலுவில் எழுப்புவதே இல்லை என்பதுதான் என்னைப் பிடித்து உட்கார்த்திய செய்தி. 60 ஹெர்ட்ஸை ஒட்டியே அது தளரத் தொடங்கிவிடும். அடித் தந்தியை மீட்டினால் இரு மடங்கான 82, மும்மடங்கான 123 என்று மேலே உள்ள அதிர்வுகள்தான் திடமாக வருகின்றன. அவற்றைக் கொண்டு மூளை அடியில் இருக்கவேண்டிய 41ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் கேட்டதாக நம்பும் ஆழத்தில் பாதி நம் தலைக்குள் உண்டாவது.

துளை வைத்த பெட்டியின் வழி வேறு. கோனின் பின்பக்கத்து அதிர்வையும் துளை வழியே வெளியே அனுப்பி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டி வலுக் கூட்டுகிறது. இதற்கான கணக்கை ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் ஒழுங்காக எழுதிக்கொடுத்தார். அதன்படி செய்த பெட்டி அருமையாக இருக்கும், அதை மறுக்கமாட்டேன். துளையின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது எல்லாச் சுரமும் அந்த ஒரு சுரத்துக்குள் போய் விழுகின்றன. போதாதற்கு மிக்சரில் 50, 60 ஹெர்ட்ஸைத் தூக்கியும் வைத்துவிட்டால் ‘தும்’தான்.

அதே ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரம். அங்கே உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ளது, 1986 ஜனவரியில் திறந்துவைத்தார்கள். விண்மீனின் ஒளியை அளக்கிறவர்கள், ஒளி அளவு ஏற்கெனவே தெரிந்த சில விண்மீன்களையும் அன்றே பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள். விண்மீன் அடிவானத்தில் தாழ்ந்திருந்தால் அதன் ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வருகிறது. நீலம் சிதறிப் போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. எந்த உயரத்தில் பார்த்தோம் என்பதைக் கணக்கில் கொண்டு திருத்துகிறார்கள். ஒலியின் கதையும் இதற்கு வெகு அருகில்தான். தூரம் கூடக்கூட மேல்சுரங்களைக் காற்றும் இலைகளும் குடித்துவிடுகின்றன, அடிச்சுரம் மிஞ்சுகிறது. பெட்டியை ஒப்பிடுகிறவர்களும் ஒரு பாட்டை, ஒரே பாட்டை, ஒரே தூரத்தில் நின்று கேட்டுவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

இந்த மலைக்கும் காதுக்கும் உள்ள உறவைச் சொல்ல வந்தால் மலைபடுகடாத்தைத் தொடாமல் தாண்ட எனக்கு மனம் வராது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு, 583 அடி. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. உ.வே.சா. 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றியதால் நம் கைக்கு வந்தது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா, ஜவ்வாது மலையடிவாரத்தில் இன்று செங்கம் என்று வழங்கும் ஊர். அவனுடைய நவிரமலை, பக்கத்தில் நிற்கும் பர்வதமலை என்றே அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். பாட்டில் ஓடும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. இந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் பேருந்துப் பலகையில் பார்த்துவிட்டுப் போய் அந்தப் பாட்டைத் திறந்தால், அதன் முதல் அடிகளிலேயே ஒரு மெல்லிசைக் குழு சாமான் கட்டிக்கொண்டு புறப்படுகிறது!

இருண்ட வானத்து இடியைப் போல முழங்கும் முழவு முதலில் வருகிறது. அப்புறம் ஆகுளி, பாண்டில், பீலி கட்டிய கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. எல்லாவற்றையும் பைகளில் போட்டுக் கட்டித் தோளில் தொங்கவிட்டு நடக்கிறார்கள் கூத்தர்கள். அந்தப் பைகள் கார்காலத்துப் பலாமரத்துக் காய்க்கொத்துப் போலத் தொங்குகின்றன என்கிறார் புலவர். ஜவ்வாது மலைப் பலாவை மரத்தோடு பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. சாமான் ஏற்றி இறக்குகிற வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்த கவிஞர் நமக்கு வேறு யார் இருக்கிறார்? பெட்டி தூக்கித் தோள் கன்றிய எந்த இசைக்காரருக்கும் இந்தத் தொடக்கம் பிடித்துப்போகும்.

பாட்டின் நடுப்பகுதியில் கூத்தர்கள் மலையேறும்போது காதில் விழப்போகும் ஒலிகளை அவர் சொல்லத் தொடங்குகிறார். அந்தப் பட்டியல் முடிய வெகுநேரம் ஆகிறது. தேன் எடுத்தவர்களின் ஆரவாரம். குரவைக் கூத்தின் ஓசை. குட்டியைப் பள்ளத்தில் பறிகொடுத்த குரங்குகளின் கூக்குரல். கரும்பு ஆலையின் சத்தம். உலக்கை குத்தும் பெண்களின் வள்ளைப் பாட்டு. பலாக்கொட்டையைப் பிரித்தெடுக்கக் கன்றுகளை ஓட்டி மிதிக்கவிடும் பிள்ளைகளின் இரைச்சல். அத்தனையும் சேர்ந்துதான் மலையின் முழக்கமாகிறது. மலையை யானையாகவும் அதில் எழும் ஒலிகளை மதநீராகவும் பாடியதால்தான் பாட்டுக்கே அந்தப் பெயர். இதில் என்னைக் கட்டிப்போடுவது, அந்த முழக்கத்துக்குள் ஓர் ஒலிகூட இன்னொன்றில் கரையவில்லை என்பது. ஒவ்வொன்றும் யாருடையது, எதனால் எழுந்தது, அதில் இருப்பது துக்கமா மகிழ்ச்சியா என்றுவரை அவருக்குக் கேட்டிருக்கிறது. இப்படிக் கேட்கிற காது ஒன்று இந்த மலையடியில் இருந்தது என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த வாத்தியப் பட்டியலில் தூம்பு மேல் எனக்குத் தனி ஆசை. மூங்கிலின் கணுக்களைத் துளைத்துத் திறந்து செய்த நெடுங்குழல். அதன் ஒலி யானை மூச்சு விடுவதுபோல இருக்கும் என்கிறது பாட்டு. அக்காலத்துக் குழுவில் பேஸ் வாசித்தவர் தூம்புக்காரராகத்தான் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். யானையை அடிச்சுரத்துக்கு உவமையாக எடுத்தது எவ்வளவு பொருத்தம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் யானைக் கொட்டிலருகே உட்கார்ந்திருந்த ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஒரு துடிப்பு வந்து வந்து போவதை உணர்ந்தார். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. சிறுமியாகக் கார்னெல் பல்கலைக்கழகத் தேவாலயத்தில் பாடியபோது, ஆர்கனின் மிகப் பெரிய குழாயருகே நின்று உணர்ந்த அதே துடிப்பு அவருக்கு நினைவுக்கு வந்தது. பதிவு செய்து பார்த்ததில், மனிதக் காதின் எல்லையான 20 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. 1986இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் அடித் தந்தியே 31 ஹெர்ட்ஸ்தான். அதற்கும் கீழே யானைக்குப் பேச்சு இருக்கிறது.

நம் வாத்தியக்காரர்களுக்கு அடிச்சுரத்தை இறக்கும் கலை நன்றாகவே தெரியும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் தோல் கனத்து ஒலி இறங்குகிறது. ஸ்பீக்கரின் கோனைக் கனமாக்கினால் அது இயல்பாக அதிரும் எண் குறைவதும் இதே காரணத்தால். வட ஆர்க்காட்டுப் பம்பையில் உருளைகள் இரண்டு, ஒன்று மரம், ஒன்று பித்தளை. ஒரே ஆள் ஒரே கோலால் அடித்தாலும் இரண்டும் வேறு வேறு குரல் என்று இந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். பெட்டியின் உடம்பு முக்கியம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

திருவிழா முடிந்ததும் அந்த உள்ளூர் செட்டுக்காரரைத் தேடிப் போனேன். வயதில் என்னைவிட இளையவர். சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கிவந்து, பெட்டியைத் தானே ப்ளைவுட்டில் அறுத்துச் செய்கிறார். அவருடைய பழைய மூடிய பெட்டிகளைப் புகழ்ந்து முடிப்பதற்குள், கொட்டகையில் நின்ற புதிய 18 அங்குலப் பெட்டிகளைக் காட்டினார். துளை வைத்தவை.

“பழசுல பாட்டு நல்லாத்தான்ணா கேக்கும். ஆனா நெஞ்சு அதிரணும்னு கேக்கறாங்க. அதிரலன்னா செட்டே சரியில்லன்றாங்க” என்றார்.

“பேஸ் வாசிக்கிறவன் என்ன வாசிக்கிறான்னு கேக்க வேணாமா தம்பி?”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு பழைய மெத்தைப் பஞ்சை எடுத்துத் துளையில் இறுக்கமாக அடைத்தார். நான் கிட்டாரைச் செருகி வாசித்தேன். ‘தும்’ இறங்கி, சுரங்களுக்கு நடுவே இடைவெளி பிறந்தது. மூன்றாம் தந்தியிலிருந்து நான்காம் தந்திக்கு இறங்குவது இறங்குவதாகவே கேட்டது. சத்தம் குறைந்துவிட்டது என்று அவருக்குக் கவலை. மேடைக்கு இன்னும் ஒரு ஜோடி பெட்டி தேவைப்படும் என்றார், அது நியாயமான கவலைதான். கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். துளைக்கு ப்ளைவுட்டில் மூடி செய்து, விளிம்பில் ரப்பர் ஒட்டி, நாலு திருகாணியில் பொருத்துவது. மெல்லிசைக் கச்சேரி என்றால் மூடி, ஆடல் பாடல் என்றால் கழற்றிவிடுவது. மூடியைக் கழற்றவே வேண்டாம் என்று நான் வாதாடினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அளவு நாடாவை எடுத்துத் துளையின் விட்டத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்.