காலிக் கட்டம்

அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் நான் கற்ற முதல் வார்த்தை 'புரோட்டகால்'. எந்த மருந்து, எந்த நாளில், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கட்டம் போட்ட ஒரு தாள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சின்னசேலத்துக்கும் சென்னைக்குமாக அலைந்தேன்.

அந்தத் தாளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970களில் இந்தியாவின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில்கூட இந்த லுகேமியாவிலிருந்து நூற்றுக்கு இருபது குழந்தைகள் தேறவில்லை. பிறகு அடையாறு, பம்பாய், டெல்லி மூன்றிடத்திலும் எம்.ஸி.பி. 841 என்ற ஒரே அட்டவணையைப் பின்பற்றினார்கள். இயன் மக்ராத், அடையாறு டாக்டர் சாந்தா, பம்பாய் அத்வானி முதலானோரின் கூட்டு வேலை. நோய் திரும்பாமல் நான்கு வருஷம் கடந்தவர்கள் 45 முதல் 60 சதவீதம் ஆனார்கள். அதில் வாரம் ஒருமுறை ஏறும் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியில் எடுப்பது. சுடுகாட்டு மல்லி என்பது அதன் இன்னொரு பெயர். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

2005இல் அவர்கள் எழுதிய கட்டுரை என்னை உலுக்கியது. ஒரே அட்டவணை, மூன்று ஊர், வேறுவேறு முடிவு. மேற்கே அபாயத்தைச் சொல்லும் வயது, இங்கே மூன்றிடத்திலும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டிடத்தில் வெள்ளணு எண்ணிக்கை மட்டும் சொன்னது. எங்கள் பையனுக்கு அது அதிகம். 'ஹை ரிஸ்க்' என்று எழுதினார்கள். மேற்கைவிட இங்கே அதிகம் பேர் இறந்ததற்குப் பெரும்பாலும் காரணம், சிகிச்சையின் நச்சைத் தாங்காமல் நேர்ந்த சாவுகள். நோய் முற்றி வருவது, சுத்தக் குறைவு, அவசரத்துக்கு எட்டாத வைத்தியம் என்று அடுக்கியிருந்தார்கள்.

அபாயம் அதிகமென்றால் மருந்தைக் கூட்டு என்பது ஒரு தர்க்கம். கூட்டியபின் பையன் எந்த ஊரில் படுத்திருப்பான் என்பது அந்தக் கணக்கில் வராது. 2016இல் தொடங்கிய ஒரு இந்தியப் பரிசோதனை, அபாயம் குறைந்த சிறுவர்களுக்கு ப்ரெட்னிசொலோனை 5 வாரத்திலிருந்து 3 வாரமாகக் குறைத்துப் பார்த்தது. கழித்துப் பார்க்கும் இந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

வெள்ளணு இறங்கியிருந்த ஒரு ராத்திரி, காய்ச்சல் 102. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மெட்ராஸுக்கே கொண்டுபோயிடுங்க" என்றார்கள். வாடகைக் காரில் ஐந்து மணி நேரம். விழுப்புரம் தாண்டும்போது அக்கா கேட்டாள்: "அந்தக் காயிதத்துல இன்னிக்கி என்னடா போட்டிருக்குது?"

செல்போன் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேரே காலிக் கட்டம்.