சேலத்துக்குக் கொம்பு முளைச்ச கதை

எம், கே, செமிகோலன், கே, ஹெச்... இது என்னன்னு சொல்லுங்க பாஸ், பார்க்கலாம்! பாஸ்வேர்டு இல்லை. 'அம்மா'! பாமினி ஃபான்ட்டில் அடிச்ச அம்மாவை காப்பி பண்ணி, யுனிகோடு பக்கத்தில் பேஸ்ட் பண்ணினா இப்படித்தான் வந்து நிப்பாங்க.

எங்கப்பா ராசிபுரத்துல டி.டி.பி. சென்டர் வெச்சிருந்தவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலின்னு ஊர்க்கதை மொத்தமும் சி.டி.க்குள்ள பாமினியில தூங்குது. 2010-ல் தமிழக அரசு யுனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. ஆனா இந்த ஃபைல்களில் தாத்தா பேரைத் தமிழில் தேடினா, கம்ப்யூட்டர் கையை விரிக்குது. சி.டி.யும் எத்தனை நாள் தாங்கும்?

சுரதாவின் 'பொங்குதமிழ்' மாதிரி மாற்றிகள் நமக்குப் பல வருஷம் கைகொடுத்தவை. ஒரு பெட்டியில் போட்டு இன்னொரு பெட்டியில் எடுக்கணும். பேஸ்ட் பண்ற நொடியிலேயே மாறிட்டா? ஜாவாஸ்கிரிப்ட்டில் அதுக்கு வழி இருக்கு.

கன்ட்ரோல்-வி தட்டினதும் 'பேஸ்ட்' ஈவென்ட் கிளம்பும். 'பிரிவென்ட் டிஃபால்ட்' போட்டு பிரவுசரை நிறுத்துங்க. 'கிளிப்போர்டு டேட்டா'வில் 'கெட் டேட்டா' சொல்லி எழுத்தை வாங்குங்க. மாத்துங்க. கர்சர் இருக்கிற இடத்தில் செருகுங்க. அவ்ளோதான்!

வேலை மாத்துறதிலதான் இருக்கு. நாமக்கல் சமர்த்து, எழுத்துக்கு எழுத்து மாறிடும். சேலம் அடம்பிடிக்கும். பாமினியில் இரட்டைக்கொம்பு முதல்ல, 'ச' அப்புறம். யுனிகோடில் 'ச' முதல்ல, கொம்பு பின்னால. திருச்செங்கோடு இன்னும் மோசம்: 'கோ' மூணு துண்டா வரும். அதனால 'கோ'வை முதல்ல பிடிங்க, அப்புறம் 'கே'.

யாராவது இங்கிலீஷ் இமெயில் முகவரியை ஒட்டினா அதுவும் தமிழாகிக் குளறுமே? வேர்டிலிருந்து காப்பி பண்ணினா கிளிப்போர்டில் ஹெச்.டி.எம்.எல். வடிவமும் கூடவே வரும். அதில் பாமினி பேர் இருந்தா மட்டும் மாத்துங்க.

ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில், ஒரு வெப் பக்கம் கேட்காமலே உங்க கிளிப்போர்டைப் படிக்க முடிஞ்சது. 2006-ல் வந்த 7-தான் அனுமதி கேட்க ஆரம்பிச்சது. பேஸ்ட் ஈவென்ட்டில் நீங்களா ஒட்டினதுதான் பக்கத்துக்குக் கிடைக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பாத்துங்க. வந்ததை மாத்திக் கொடுங்க, சர்வருக்குக் கடத்தாதீங்க.

உங்க ஊர் டி.டி.பி. அண்ணன்கிட்டயும் ஒரு சி.டி. கட்டு இருக்கும். இந்த சனிக்கிழமை கேட்டு வாங்குங்களேன்!