இரண்டு பிளஸ்

கோவை காந்திபுரத்தில் திருப்பூர் பஸ் ஏறியதிலிருந்து அந்த அம்மா கவரைப் பிரிக்கவில்லை. நீலாம்பூர் தாண்டியதும் மகள்தான் பிரித்தாள். அம்மாவின் கட்டைவிரலில் காய்ப்பு. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி வெட்டி வந்தது. நான் பின் சீட்டில் இருந்தேன். மகள் தூக்கிப் பிடித்த காகிதம் எனக்கும் தெரிந்தது. ஈ.ஆர். நெகடிவ். பி.ஆர். நெகடிவ். ஹெர்-2: 2+.

"மூணுக்கு ரெண்டா அம்மிணி?"

"மார்க் இல்லம்மா அது."

மார்பகக் கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஹெர்-2 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்கிறார்கள். சாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்காது என்பதைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும்? செல்லின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பு அழுத்தமாக ஏறினால் 3+. ஏறாமலோ மங்கலாகவோ நின்றால் 0, 1+. இரண்டுக்கும் நடுவே நிற்பது 2+. அதை வைத்து எந்த டாக்டரும் மருந்து எழுதமாட்டார். 'ஃபிஷ்' என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்.

மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 பாசிட்டிவ் என்பது ஒரு காலத்தில் கெட்ட சேதி. வேகமாகப் பரவும் வகை. 1998இல் அமெரிக்காவில், ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து அனுமதி பெற்ற பிறகு கதை மாறியது. 2014இல் பெங்களூரு பயோகான் அதே மருந்தை விலை குறைத்து நம் ஊரில் இறக்கியது. இப்போது இந்த அம்மாவுக்கு ஃபிஷ்ஷும் நெகடிவ் என்று வந்தால்தான் கஷ்டம். ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 மூன்றுமே இல்லாத 'ட்ரிப்பிள் நெகடிவ்' ஆகிவிடும். ஹார்மோன் மாத்திரையும் கேட்காது, இந்த ஊசியும் கேட்காது, பெரும்பாலும் கீமோவைத்தான் நம்ப வேண்டும். பாசிட்டிவ் வரட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டிய நோய் இது.

"எத்தன வருசம்னு டாக்டரு சொன்னாரா?"

மகள் பதில் சொல்லவில்லை. எந்த டாக்டர்தான் சொல்வார்? ஆயிரம் பெண்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று இந்த எண்கள் ஓரளவு சொல்லும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லாது.

"அந்த ஊசின்னா எப்பெப்பப் போடோணும்?"

"21 நாளைக்கு ஒருக்கா. ஒரு வருசம்."

அம்மா விரல் மடக்கினார். "சனிக்கெழம போட மாட்டாங்களா? சம்பள நாளு, அரை நாள் லீவு சொல்லிக்கலாம்."

"மொதல்ல ரிசல்ட் வரட்டும்மா."

கருமத்தம்பட்டியில் கூட்டம் ஏறியது. அம்மா காகிதத்தை வாங்கி, ஓரம் ஓரமாகச் சேர்த்து, அளவு பிசகாமல் மடித்தார்.

"சூப்பர்வைசர் கேட்டா என்னங்கறது?"

"கட்டின்னு சொல்லு. போதும்."