இரட்டைக் குரல்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குச் செல்லும் பேருந்தில் ஒரு மொழி போதாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே இருக்கை வரிசையில் ஒலிக்கும். புரியாத பேச்சு எல்லையோரத்தில் வாழும் எங்களுக்குப் புதிதன்று. எனினும், என் அக்காள் மகன் கேட்டுக்கொண்டிருந்த புரியாத பாட்டு என் உறக்கத்தைக் கெடுத்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருக்கும் அவன், சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. சுபுஹு தொழுதுவிட்டு நான் திரும்பும் வேளையில், இரவு வேலை முடித்து வந்து மாடிப்படியில் அமர்ந்திருப்பான். கைப்பேசியில் கிடாரும், ஏறத்தாழக் கிசுகிசுப்பான ஒரு குரலும் கேட்கும். சில வாரங்களாக அவனுடைய பேச்சு குறைந்தது, உணவும் குறைந்தது.

"யாரப்பா பாடுவது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எலியட் ஸ்மித், மாமா. அமெரிக்கக்காரர். இப்போது இல்லை."

ஜெய்ப்பூரில் பிறந்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் தாமே எழுதிப் பாடும் பிரதீக் குஹாடின் பாட்டுகள்தாம் அவனை முதலில் ஈர்த்தனவாம். குஹாட் தம்மைப் பாதித்தவராகச் சொன்ன பெயரைத் தேடி இவரிடம் வந்திருக்கிறான்.

நானும் படித்தறிந்தேன். 1969-இல் ஒமாஹா நகரில் பிறந்தவர்; டெக்சாஸில் வளர்ந்து, போர்ட்லண்டில் பாடகரானவர். 1998-இல் ஆஸ்கார் மேடையில் வெள்ளை உடையணிந்து கிடாருடன் பாடினார். விருதோ 'டைட்டானிக்' பாட்டுக்குப் போயிற்று. மனச்சோர்வோடும் போதைப் பழக்கத்தோடும் போராடி, 2003-இல் தம் 34-ஆம் வயதில் மறைந்தார். இதைப் படித்ததும் என் நெஞ்சு துணுக்குற்றது. அந்தக் கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட எண்ணினேன். நல்லவேளை, முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது.

மறுநாள் அவனருகே படியில் அமர்ந்தேன். சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் குரலில் ஏதோ ஒரு விந்தை இருந்தது. "இருவர் பாடுகிறார்களா?" என்றேன். பல வாரங்களுக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"ஒருவர்தாம், மாமா. ஒரு வரியைப் பாடிப் பதிந்துவிட்டு, அதையே மறுபடி பாடி அதன்மேல் பதிவார்."

அது பீட்டில்ஸ் குழுவினரும் கையாண்ட முறை. இருமுறை பாடுவது ஜான் லெனனுக்குச் சலித்துப்போகவே, 1966-இல் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்துப் பொறியாளர் கென் டவுன்செண்ட், ஒருமுறை பாடியதையே நாடாவில் இரட்டிப்பாக்கும் வழியைக் கண்டார். ஸ்மித்தோ மெய்யாகவே இருமுறை பாடினார். தம்மை இசைக்குத் தூண்டியது பீட்டில்ஸின் 'வெள்ளை ஆல்பம்' என்று சொன்னவர் அவர். 1968-இல் வெளிவந்த அத்தொகுப்பின் பாட்டுகளில் பெரும்பாலானவை, அவ்வாண்டு அவர்கள் நம் ரிஷிகேசத்தில் தங்கியிருந்தபோது உருவானவை. கங்கைக் கரையில் பிறந்த பாட்டு லண்டன் சென்று, அமெரிக்கச் சிறுவன் ஒருவனைத் தொட்டு, ஜெய்ப்பூர் வழியாக எங்கள் மாடிப்படிக்கு வந்திருக்கிறது!

ஆயினும், என் உள்ளத்தில் தங்கியது அந்த இரட்டைக் குரல்தான். முதல் குரல் தளரும் இடத்தில் இரண்டாவது தாங்கிக்கொள்கிறது. துணைக்கு எவருமில்லாதவன் தன் குரலையே துணையாக்கிக்கொண்டதுபோல் எனக்குப் பட்டது. நான் அஞ்சியது தவறான பொருளுக்கு. துயரப் பாட்டு இந்தப் பிள்ளையை வருத்தவில்லை. அவன் துயரத்தைக் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லாதபோது, அந்தப் பாட்டு அவனருகே அமர்ந்திருந்தது.

"உனக்கு என்னப்பா குறை?" என்றேன்.

வெகுநேரம் கழித்துச் சொன்னான். மாத இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்களாம். ஆனால் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தாயிடம் முன்பே சொல்லிவிட்டான். அதை நம்பி அக்காள், மகளின் திருமணத்துக்குக் கடன் பேசிவைத்திருக்கிறாள்.

நான் கடிந்துகொள்ளவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போவோம். நானும் வருகிறேன்" என்றேன்.

சென்றோம். அக்காள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் வாய் திறந்தான், குரல் எழவில்லை. முதல் வாக்கியத்தை நான் சொன்னேன். இரண்டாவதை இருவரும் சேர்ந்தே சொன்னோம். அதன்பின் எஞ்சியதை அவன் தனியாகவே சொல்லி முடித்தான்.