குளிர்ந்த அம்மை

பத்து நாளாக டீச்சரைக் காணோமே, உடம்புக்கு முடியலையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. என் பேரன் கேட்ட ஒரு கேள்வி மனசில் உட்கார்ந்துகொண்டது. அதை எழுதி இறக்கி வைக்க இத்தனை நாள் ஆகிவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பேரன் கனடாவில் இருக்கிறான். 11 வயது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்தான். அங்கே சனிக்கிழமை ராத்திரி. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு விளையாட்டு ஆடுகிறானாம். அதில் வருவது கற்பனை உலகம். அங்கே குளிருக்கும் சாவுக்கும் சேர்த்து ஒரே தேவி. வெள்ளை முகம், நீல உதடு. அவள் நடந்தால் ஆறு உறைந்துவிடும். தொட்டால் உயிர் போய்விடும். படத்தை எனக்கும் காட்டினான். அழகாகத்தான் இருந்தாள்.

"ஆச்சி, நம்ம ஊர்லயும் இந்த மாதிரி சாமி உண்டா?" என்று கேட்டான்.

"நம்ம ஊர்ல ஏது ஐயா பனி? மார்கழியிலயே மின்விசிறி போட்டுத்தான் படுக்கேன்" என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பொய் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது. அப்படி ஒரு சாமி நமக்கும் உண்டு. அவளிடம் எங்கள் குடும்பம் ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறது.

முதலில் பேரன் சொன்ன தேவியைப் பற்றித் தேடிப் படித்தேன். வாத்தியார் புத்தி போகுமா? விளையாட்டு செய்தவர்கள் சும்மா கற்பனை பண்ணவில்லை. ஐரோப்பாவின் வடக்கே பழைய கதைகளில் ஹெல் என்று ஒருத்தி செத்தவர்களின் உலகத்தை ஆளுகிறாள். அவள் உடம்பில் பாதி உயிருள்ள மனுஷி நிறம், பாதி பிணத்தின் நீலம். போலந்து நாட்டில் மர்ஸன்னா என்று ஒருத்தி. குளிர்காலமும் அவள்தான், சாவும் அவள்தான். குளிர்காலம் முடிகிற மார்ச் மாதத்தில் வைக்கோலில் அவளைப் பொம்மை கட்டி, பாவாடை உடுத்தி, தீ வைத்து ஆற்றில் வீசுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் டீச்சரோடு வரிசையாகப் போய் இதைச் செய்வார்களாம். அவர்களுக்கு அது சரிதான். அங்கே குளிர் என்றால் பயிர் இல்லை, வெளிச்சம் இல்லை. ஆட்களைக் கொன்றது குளிர். அதனால் அதை விரட்டுகிறார்கள்.

நம் பக்கம் கொல்வது வெயில். நம்முடைய பேச்சைப் பாருங்கள். மனசு குளிர்ந்தது என்கிறோம். கண் குளிரப் பார்த்தேன், வயிறு குளிரச் சாப்பிட்டேன் என்கிறோம். குளிர் என்றாலே நமக்கு நல்லதுதான். சாமியைக்கூட "குளிரணும் தாயே" என்றுதான் கும்பிடுகிறோம். எந்தச் சாமியை? நோயாகவும் வருகிற சாமியை.

நம் மாவட்டத்தில் பெற்ற தாயையே அம்மை என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. உடம்பில் முத்து முத்தாகக் கொப்பளம் போடும் நோய்க்கும் அம்மை என்றே பெயர். நோய் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அம்மை வந்திருக்கா" என்பார்கள். கொப்பளம் என்றும் சொல்லக்கூடாது, முத்து என்று சொல்ல வேண்டும். குலசை முத்தாரம்மன் பெயருக்கு முத்து ஆரம் பூண்டவள் என்றும் சொல்வார்கள், முத்துக்களை ஆற்றுகிறவள் என்றும் சொல்வார்கள். முத்துக் குளித்த கடற்கரை அல்லவா, நோய்க்கும் முத்து என்றே பெயர் வைத்துவிட்டோம். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். நம் மேலில் முத்துப் போடுவது அதற்குப் பிறகும் சில காலம் நிற்கவில்லை.

வடநாட்டிலும் இவளைப் போலவே ஒருத்தி உண்டு. சீதளா தேவி. பெயருக்கே குளிர்ந்தவள் என்றுதான் அர்த்தம். கழுதை வாகனம், கையில் துடைப்பமும் தண்ணீர்க் குடமும். அவளுக்கான நாளில் வீட்டில் அடுப்பே பற்ற வைக்காமல், முந்தின நாள் சமைத்த ஆறிய சோற்றைப் படைத்துச் சாப்பிடுகிறார்கள். காய்ச்சலைக் கொடுப்பவளுக்குக் குளிர்ந்தவள் என்று பெயர் வைத்திருப்பதைப் பாருங்கள். கோபக்காரப் பெரியம்மாவை "தங்கமான மனசு" என்று முன்கூட்டியே சொல்லிச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொந்தக்காரர்களில் பெரியவர்களுக்குத் தெரியும். சின்னவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். எனக்கு ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள். எங்கள் ஆச்சிக்கு அவள் மேல்தான் உயிர். ஆச்சிக்குச் சிறு வயதிலேயே பெரியம்மை வந்து பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு. எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், கன்னத்தில் குழி குழியாக இருக்கும்.

1962-இல் அரசாங்கம் நாடு முழுக்கப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். அவர் வருகிற செய்தி கேட்டாலே பிள்ளைகள் பனங்காட்டுக்குள் ஓடி ஒளிந்துவிடுவார்கள். இப்போதைய ஊசி மாதிரி இல்லை அது. சின்ன முள் வட்டம் ஒன்றைக் கையில் வைத்து அழுத்தித் திருகுவார். புண்ணாகிச் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துதான் ஆறும். நான் அப்பா இடுப்பில் இருந்ததால் தப்பிக்க முடியவில்லை. அலறினேன். அக்கா அழ ஆரம்பித்ததும் ஆச்சி அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் ஓலைக் கட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாள். "எனக்கு வந்து போகலையா? குடுக்கவளும் அவதான், எடுக்கவளும் அவதான். பிள்ளையை ஏன் புண்ணாக்கணும்?" என்றாள். அவர் கணக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்கா வெளியே வந்து என் கையைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறதா, அம்மா சொல்லிச் சொல்லி நினைவானதா, தெரியவில்லை.

மறு வருஷம் பங்குனியில் அக்காவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் முத்துப் போட்டது.

அப்புறம் வீடே கோயிலாகிவிட்டது. வாசலில் வேப்பங்குலை செருகினார்கள். பாயில் வேப்பிலை பரப்பி, வெள்ளை வேட்டியைக் கிழித்து விரித்தார்கள். அடுக்களையில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, தலை சீவக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. இளநீர், நீராகாரம், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது. ஆச்சி ராப்பகலாக வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அக்காவை அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தாயே, முத்து இறங்கணும், குளிரணும் தாயே" என்றுதான் சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளையைத் தாயே என்று கூப்பிடுவது எனக்கு வினோதமாக இருந்தது. நானும் கூடவே "குளிரணும், குளிரணும்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் அக்கா எழுந்து விளையாட வருவாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் விடியக்காலை. அம்மா அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, குளுந்துட்டா" என்றாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது என்று எழுந்து ஓடி, பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "எங்க அக்கா குளுந்துட்டா" என்று கத்தினேன். அந்த வீட்டு அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு ஏன் அழுதாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பேரன் காட்டிய தேவி தொட்டால் குளிர்ந்து போகும் என்றானே, அதைக் கேட்டதும் என் காதில் விழுந்தது என் அம்மாவின் அந்தக் குரல்தான்.

பெரியம்மைக்கு அன்றும் மருந்து கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது. தடுப்பு குத்தாதவர்களில் பத்துப் பேருக்கு வந்தால் மூன்று பேர் போய்விடுவார்கள். காப்பாற்றக்கூடிய ஒரே நாள் ஓலைக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்த நாள்தான். அதே வீட்டில், அதே அறையில் கிடந்த எனக்கு ஒரு முத்துகூடப் போடவில்லை. என் கையில் இருக்கும் வட்டத் தழும்பைப் பார்த்து "என்ன டீச்சர் இது, காசு மாதிரி இருக்கு?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்! இதுதான் அது.

ஆச்சி அதற்குப் பிறகு சாமியை வெறுத்தாளா என்று கேட்பீர்கள். இல்லை. சாகும்வரை வருஷம் தவறாமல் தசராவுக்குக் குலசைக்கு நடந்தே போனாள். ஆனால் அடுத்த தடவை அம்மை குத்துகிறவர் வந்தபோது, தெருவில் ஒளிந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியதும் அவள்தான். ஒருவரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. யாராவது மறுத்தால் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அக்கா பேரை அவள் வாயில் நான் மறுபடி கேட்கவே இல்லை.

குலசை தசராவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். விரதம் இருந்து, காளியாக, குரங்காக, குறத்தியாக, பிச்சைக்காரராக வேடம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். எமன் வேடத்திலும் ஆள் வருவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எமனுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஆச்சி மட்டும் நேரே போய் எமன் தட்டில் காசு போட்டுவிட்டு, "வந்தியா, வாங்கிட்டுப் போ" என்பாள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுரனை வதம் செய்த பிறகு, அந்த உக்கிரம் தணிய அம்மனுக்கு அபிஷேகம் செய்வார்கள். கொன்றவளையும் நாம் ஆற்றில் வீசுவதில்லை. தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து வீட்டுக்கு அழைத்து வருகிறோம்.

இது நல்லதா கெட்டதா? 38 வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. நோயைத் தாய் என்று சொன்னதால்தான் நோயாளியை யாரும் அருவருக்கவில்லை. சீழ் வடிந்த பிள்ளையைத் தாயே என்று கும்பிட்டு, பன்னிரண்டு நாள் தூங்காமல் விசிறினாள் ஒரு கிழவி. அந்தச் சுத்தமும் தனிமையும் குளிர்ந்த ஆகாரமும் பலரைத் தேற்றியிருக்கும். தாய் என்று சொன்னதால்தான் தடுப்பு குத்துவது தாயைத் தடுப்பது மாதிரித் தோன்றியது. அதில் பல பிள்ளைகள் போனார்கள். இரண்டுமே உண்மை.

நம் நாட்டில் கடைசியாகப் பெரியம்மை வந்தது 1975-இல். 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். எந்தச் சாமியும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. முத்தாரம்மன் கோயிலில் கூட்டம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

2017 பிப்ரவரி சிலருக்கு நினைவிருக்கும். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி. நான்கைந்து தாய்மார் வகுப்பு வாசலில் வந்து நின்று, "எம்பிள்ளைக்கு வேண்டாம் டீச்சர், பேர் விட்டுருங்க" என்றார்கள். ஒரு அம்மா மெதுவாக, "அம்மை விஷயம்லா, பயமா இருக்கு" என்றார். எனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. அவர்களை மர நிழலில் உட்கார வைத்து, ஓலைக் கட்டுக் கதையைச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே நான் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் பிள்ளைகளை விட்டுச் சென்றார்கள். அன்று ஊசிக்கு அழுதவர்கள் இப்போது பிளஸ் டூ, காலேஜ். இதைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

நேற்று பேரனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். கையைக் கேமராவில் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஆச்சி, உங்க அக்கா பேர் என்ன?" என்று கேட்டான். சொன்னேன். அவன் வாயில் அந்தப் பெயர் சரியாக வரவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகினான். எங்கள் வீட்டில் அறுபது வருஷமாக யாரும் உரக்கச் சொல்லாத பெயர்.

உங்கள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வாருங்கள். வருகிற வழியில் அம்மன் கோயில் இருந்தால் ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வாருங்கள். எல்லோர் வீடும் குளிர்ந்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்